ஒரு முறை வேகவைத்து மூன்று வேளை: குளிர்காலத்துச் சிக்கனச் சமையல்

குளிர்காலத்தில் பசி கூடும். கூடவே அடுப்பு எரியும் நேரமும் கூடும். செலவைக் குறைக்க நினைப்பவர்கள் பொருளின் விலையைத்தான் பார்க்கிறார்களே தவிர, எரிபொருளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே உலர்ந்த பயறு ஒன்றை ஒரே தடவையில் நிறைய வேகவைத்துக்கொண்டு, அதையே அடுத்தடுத்த வேளைகளில் வெவ்வேறு உணவாக மாற்றிப் பரிமாறுவதே நான்கு பேர் உள்ள குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் வழி என்பேன்.

அரை கிலோ கொண்டைக்கடலையோ ராஜ்மாவோ வெந்தபின் ஒரு கிலோவுக்கு மேல் தேறும். முதல் நாள் இரவே மூன்று பங்கு தண்ணீரில், ஒரு தேக்கரண்டி உப்புடன் ஊறப்போடுங்கள். உப்புப் போட்டால் பயறு வேகாது என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் ஊறும் நீரிலுள்ள உப்பு தோலை மென்மையாக்கவே செய்கிறது. வேகவிடாமல் தடுப்பது புளிப்புதான். ஒருமுறை அவசரத்தில் தக்காளியை முதலிலேயே போட்டுவிட்டு, இரண்டு மணி நேரம் கொதித்தும் கடிபடாத கடலையை வைத்துக்கொண்டு விழித்தவன் நான். தக்காளி, எலுமிச்சை எதுவானாலும் பயறு விரலால் நசுங்கும் பதம் வந்த பிறகே சேர்க்க வேண்டும்.

ராஜ்மாவில் கூடுதல் எச்சரிக்கை தேவை. சரியாக வேகாத ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்னும் நச்சுப் புரதம் கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடமாவது தளதளவெனக் கொதிக்கவிட்ட பிறகே தணலைக் குறைக்கலாம். மிதமான சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் மின்பாத்திரத்தில் பச்சையாக அப்படியே போடுவது ஆபத்து. பிரஷர் குக்கரில் அந்தக் கவலையும் இல்லை, எரிபொருளும் மிச்சம்.

சிக்கனச் சமையல் சப்பென்று இருப்பதற்குப் பொருள் குறைவதைவிட வெங்காயத்தை அரைகுறையாக வதக்குவதே பெரும்பாலும் காரணம். அடி கனமான பாத்திரத்தில் இரண்டு கரண்டி எண்ணெய் விட்டு, மூன்று பெரிய வெங்காயத்தை மெல்லியதாக நறுக்கிப் போட்டு, மிதமான தணலில் வதக்குங்கள். முதலில் நீர் விடும். பிறகு கண்ணாடி போல் ஆகும். கால் மணி நேரம் கழிந்ததும் ஓரங்கள் சிவந்து, பாத்திரத்தின் அடியில் பழுப்பு நிறத்தில் ஏடு பிடிக்கும். அது கருகும் முன் அரைக் குவளை தண்ணீர் ஊற்றி, மரக்கரண்டியால் சுரண்டிக் கரைத்துவிடுங்கள். இறைச்சி இல்லாத குழம்புக்கும் நிறமும் கனமும் தருவது இந்த ஏடுதான். இந்த ஓர் இடத்தில் மட்டும் எரிபொருளை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

அதில் காரட், உருளைக்கிழங்கு, பூண்டு ஆகியவற்றையும், வெந்த பயறில் மூன்றில் ஒரு பங்கை அதன் நீரோடும் சேர்த்து மூடி போட்டுக் கொதிக்கவிட்டால் முதல் வேளைக்குச் சூப் தயார். மாவோ பாலாடையோ வேண்டாம். நாலைந்து கிழங்குத் துண்டுகளைப் பாத்திரத்திலேயே மசித்துவிட்டால் தானாகக் கெட்டிப்படும். எலும்பு மலிவாகக் கிடைத்தால் சேர்க்கலாம், ஆனால் குக்கர் இருந்தால் மட்டுமே. திறந்த பாத்திரத்தில் அதன் சாறு இறங்குவதற்குள் மிச்சப்படுத்தியது அத்தனையும் அடுப்புக்கே போய்விடும்.

மீதமுள்ள பயறை, குளிர்தானே என்று இரவு முழுவதும் அடுப்பின் மேலேயே விட்டுவிடக் கூடாது. ஆழமான பாத்திரத்தின் நடுவில் சூடு நெடுநேரம் தங்கிக் கிருமிகள் பெருக இடம் தரும். தட்டையான பாத்திரங்களில் பரப்பி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். எடுக்கும்போது அந்த வேளைக்கு வேண்டியதை மட்டும் எடுத்து, ஆவி பறக்கச் சூடாக்குங்கள்.

இரண்டாம் வேளைக்கு அதே வெங்காய வதக்கலில் தக்காளியைக் குழைய வேகவிட்டு, பயறைப் போட்டுக் கெட்டியாக இறக்கினால் சோற்றுக்கும் ரொட்டிக்கும் பொருந்தும். கடைசிப் பங்கை நீர் சொட்டாமல் நன்றாக வடித்து, அவித்த உருளைக்கிழங்குடன் பிசைந்து வடையாகத் தட்டி, தோசைக்கல்லில் சிறிது எண்ணெய் விட்டுச் சுட்டெடுங்கள். ஈரம் இருந்தால் திருப்பும்போது உடையும். அப்போது ஒரு பிடி ரொட்டித் தூள் சேர்த்துப் பிசைந்தால் போதும்.