ரொறன்ரோவில் வீடு தேடும்போது, காணி யாருடையது என்று கேளுங்கள்

தம்பலகாமத்தில் எங்கள் அம்மம்மாவின் தகரப் பெட்டிக்குள் இன்னமும் ஒரு காணிப் பெர்மிட் இருக்கிறது. மடிப்புகளில் கிழிந்து, சோற்றுப் பசையால் தாள் ஒட்டிய பெர்மிட். வீடும் கிணறும் தென்னையும் அவருடையவை, காணி அரசாங்கத்தினுடையது. பின்னுரிமைக்குப் பிள்ளை ஒருவரைப் பதியலாம். பிரதேச செயலாளரின் அனுமதியின்றி விற்க முடியாது. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் போட்ட கட்டு அது. விற்கவும் முழு உரிமையுள்ள உறுதிக் காணி வைத்திருந்தவர்களைப் பார்த்து நாங்கள் ஏங்கியதுண்டு. ரொறன்ரோவில் பதினொரு வருடம் வாடகைக்கு இருந்துவிட்டு ஊர் திரும்பிய பிறகுதான் அந்தக் கட்டின் பெறுமதி எனக்கு விளங்கியது. திருகோணமலையிலிருந்து புறப்படுகிறவர்களுக்கும், போய் இறங்கி ஸ்காபரோவில் யாரோ உறவினரின் வரவேற்பறையில் படுத்திருக்கிறவர்களுக்கும் அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அவசரமானது. ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் வீட்டுக்காரர் முன்பணமாகக் கடைசி மாத வாடகையைத்தான் வாங்கலாம். சேதத்துக்கென்று தனியாக வைப்புப் பணம் கேட்பது சட்டப்படி செல்லாது. வாடகையை வருடத்துக்கு ஒருமுறைதான் கூட்டலாம். 2025இல் அதற்கு மாகாண அரசு வைத்த உச்சம் 2.5 வீதம். ஆனால் 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாக ஆட்கள் குடியேறிய வீடுகளுக்கு அந்த உச்சம் பொருந்தாது. புதிதாகக் கட்டிய பேஸ்மென்ட் என்றால் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டே சாவியை வாங்குங்கள்.

இருக்கிறவர் வெளியேறினால் அடுத்தவரிடம் எவ்வளவும் கேட்கலாம் என்பதுதான் அங்குள்ள பெரிய ஓட்டை. வீட்டுக்காரர்கள் பழைய குடியிருப்பாளரை எழுப்பத் துடிப்பது அதனால்தான். எங்கள் வீட்டுக்காரரும் தமிழர். ஒரு ஞாயிறு மாலை, காலணியைக்கூடக் கழற்றாமல் படியில் நின்றபடி ஒரு தாளையும் பேனாவையும் நீட்டினார். "தம்பி, இதில் ஒரு கையெழுத்து வையுங்கள், சும்மா பதிவுக்குத்தான்." வைத்துவிட்டேன். அது 'என் 11' என்ற படிவம். நானாக விரும்பி வெளியேறுவதாக ஒப்புக்கொள்ளும் தாள். இரண்டு மாதத்தில் இரண்டு பிள்ளைகளோடு பெட்டி கட்டினோம். அந்தத் தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். திருத்த வேலை என்றோ, மகன் குடிவரப் போகிறான் என்றோ அறிவித்தல் வந்தாலும் உடனே எழும்பத் தேவையில்லை. வெளியேறும்படி கட்டளையிட வாடகைத் தீர்ப்பாயத்துக்கு மட்டுமே அதிகாரம் உண்டு. வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக உதவும் சட்ட உதவி நிலையங்கள் இருக்கின்றன. தாளைக் கொண்டு நேரே அங்கே போங்கள்.

இனி, நான் பிந்தி அறிந்துகொண்ட விடயம். அங்கே 'கம்யூனிட்டி லாண்ட் டிரஸ்ட்' என்று கேளுங்கள். சமூகக் காணி அறக்கட்டளை என்று சொல்லலாம். காணியை இலாபநோக்கற்ற ஓர் அமைப்பு வாங்கி, திரும்ப விற்காமல் வைத்திருக்கும். மேலே உள்ள வீட்டில் குடும்பங்கள் கட்டுப்படியான வாடகைக்கு இருக்கலாம். சில நாடுகளில் வீட்டை மட்டும் வாங்கி, காணிக்கு 99 வருடக் குத்தகை எழுதலாம். அம்மம்மாவின் பெர்மிட் போலத்தான், ஆனால் காணிச் சொந்தக்காரர் அரசாங்கம் அல்ல. குடியிருப்பாளர்களும் அயலவர்களும் நிர்வாக சபையில் இருந்து முடிவெடுக்கும் அமைப்பு அது.

இதன் முதல் வேரில் நம் பக்கத்து மண்ணும் ஒட்டியிருக்கிறது. இந்தியாவில் வினோபா பாவே 1951இல் தொடங்கிய, காணியில்லாதவர்களுக்குக் காணியைத் தானமாகக் கேட்ட பூதான இயக்கமும் அதிலிருந்து வளர்ந்த, ஊர்க் காணியை ஊருக்கே பொதுவாக்கும் கிராமதானமும், 1969இல் அமெரிக்காவின் ஜோர்ஜியாவில் கறுப்பின விவசாயிகளுக்காக 'நியூ கம்யூனிட்டீஸ்' என்ற அமைப்பை உண்டாக்கியவர்களுக்கு ஊக்கமாக இருந்தன. 5,000 ஏக்கருக்கும் மேற்பட்ட அந்தக் காணி 1985இல் கடனில் பறிபோனது. வழிமுறை பிழைத்துக்கொண்டது.

வேர்மொன்ட் மாநிலத்தின் பேர்லிங்டனில் 1984இல் தொடங்கிய அறக்கட்டளையில், வீட்டை விற்பவருக்கு விலையேற்றத்தில் 25 வீதம்தான் கிடைக்கும். ஒரு லட்சம் டொலர் ஏறினால் இருபத்தையாயிரம். மிச்சம் வீட்டோடு தங்கி, அடுத்து வருகிறவருக்கும் விலையைத் தாழ வைத்திருக்கும். "காணியில்லாத வீடும் ஒரு வீடா?" என்று மாமா கேட்பார். யுத்தம் முடிந்து விடுதிகள் பெருகியபின் நிலாவெளிக் கடற்கரைக் காணி விலை எங்கே போனதென்று அவரிடமே திருப்பிக் கேளுங்கள். பணம் பெருக்குவதற்கு இது வழியல்ல. பிள்ளை ஒரே பள்ளிக்கூடத்தில் படித்து முடிப்பதற்கு வழி.

ரொறன்ரோவில் பார்க்டேலில் இப்படியோர் அறக்கட்டளை இருக்கிறது. 2017இல் முதலில் வாங்கியது வீட்டையல்ல, புதிதாக வந்தவர்கள் கீரையும் காய்கறியும் பயிரிட்ட ஒரு தோட்டத்தை. 2019இல் கைமாறவிருந்த 15 அறைகள் கொண்ட ஒரு வாடகை வீட்டை வாங்கி, அங்கிருந்தவர்களை அங்கேயே இருக்க வைத்தது. கென்சிங்டன் சந்தைப் பகுதியிலும் 2021இல் ஒரு கட்டடம் இப்படி வாங்கப்பட்டது. மாநகர வீட்டுவசதி நிறுவனத்தின் நூற்றுக்கணக்கான தனி வீடுகளும் பின்னர் இத்தகைய அமைப்புகளிடம் கைமாறின.

இவற்றில் உங்களுக்கு முதல் மாதமே இடம் கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். வீடுகள் குறைவு, வரிசை நீளம். மானிய வாடகைப் பட்டியலிலும் கூட்டுறவு வீடுகளின் பட்டியல்களிலும் வந்த கிழமையே பெயரைப் பதியுங்கள். முகவரி மாறும்போதெல்லாம் அறிவியுங்கள், இல்லாவிட்டால் பெயரை நீக்கிவிடுவார்கள். நீங்கள் இருக்கும் வட்டாரத்தில் காணி அறக்கட்டளை இருந்தால், வீடு கேட்பதற்கு முன்னரே அங்கத்தவராகச் சேருங்கள். ஆண்டுக் கூட்டத்துக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஆங்கிலம் வரவில்லையே என்று பின்வரிசையில் ஒதுங்க வேண்டாம்: காணி அபகரிப்பு என்றால் என்னவென்று யுத்தத்தில் காணி பறிபோன திருகோணமலையின் சம்பூர்க்காரர் ஒருவருக்கு அங்கே யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை, அவர்தான் எடுக்க வேண்டும்.