தொட்டி மண்ணில் நீர் வடிய, வேர் மூச்சுவிட: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொட்டிக்கு ஓட்டை வேண்டும், மண் காயும் முன் மறுபடி தண்ணீர் ஊற்றக்கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததே. ஓட்டையும் இருந்து, அளவாக ஊற்றியும் வேர் அழுகினால் தவறு வேறெங்கோ இருக்கிறது.

அடியில் ஜல்லி பரப்புவது

சாகாத யோசனை இது. ஜல்லி போட்டால் தண்ணீர் சீக்கிரம் வடியும் என்று யாரோ சொல்ல, புதிதாகச் செடி வைப்பவர்கள் அப்படியே செய்கிறார்கள். செடி செத்ததும் அடுத்த தொட்டியில் இன்னும் ஒரு கை கூடுதலாகப் போடுகிறார்கள்!

மண் துகள்களுக்கு நடுவே உள்ள நுண்ணிய சந்துகள் தண்ணீரை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஜல்லியின் பெரிய இடைவெளிகளுக்கு அதை இழுக்கும் வலு கிடையாது. அதனால் மேலே உள்ள மண்ணின் அடிப்பகுதி முழுக்க ஊறி நிரம்பினால்தான் ஜல்லிக்குள் நீர் இறங்கும். வடிந்து முடிந்த பிறகும் மண்ணின் அடியில் சொதசொதவென்று ஒரு பட்டை மிஞ்சும். அந்தப் பட்டையின் உயரத்தை முடிவு செய்வது மண்கலவையின் துகள் அளவு. ஜல்லி அதைக் குறைப்பதில்லை, வேர்ப் பக்கம் தூக்கி வைக்கிறது.

25 செ.மீ. உயரத்துக்கு மண் நிரப்பிய தொட்டியில் ஊறிய பட்டை 6 செ.மீ. என்றால், காற்றுள்ள மண் 19 செ.மீ. அதே தொட்டியில் 5 செ.மீ. ஜல்லி போட்டால் மிஞ்சுவது 14 தான். சந்தேகம் இருந்தால் ஒரு ஸ்பாஞ்சை நனைத்துக் கிடையாகப் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் நெட்டுக்குத்தாகத் திருப்புங்கள், மறுபடி சொட்டும். மண்ணின் உயரம் கூடினால்தான் நீர் இறங்கும். ஜல்லி அந்த உயரத்தைத்தான் தின்கிறது.

மண் கொட்டாமலிருக்க ஓட்டைமேல் ஒரு வலைத்துண்டு போதும். ஏற்கெனவே ஜல்லி போட்டாயிற்று, இப்போது செடியைப் பிடுங்க முடியாது என்றால், தண்ணீர் ஊற்றி வடிந்த பின் தொட்டியைச் சில நிமிடம் சாய்த்து வையுங்கள். தேங்கியதில் கொஞ்சம் வெளியேறும். மாற்று நடவின்போது ஜல்லியை எடுத்துவிடுங்கள்.

களிமண்ணில் கொஞ்சம் மணல்

மணலின் இடைவெளிகளைக் களிமண் நிரப்பிக்கொள்ளும், காய்ந்தால் கல்லாக இறுகும். காற்றோட்டத்துக்கு 3 முதல் 6 மி.மீ. அளவுள்ள பெர்லைட் (பொரிந்த, எடை குறைந்த வெள்ளைத் துகள்), எரிமலைக் கல், உடைத்த செங்கல் இவற்றில் ஒன்றைக் கலவையில் மூன்றில் ஒரு பங்காவது சேர்க்க வேண்டும். சலித்துத் தூளை நீக்காவிட்டால் அந்தத் தூளே சந்துகளை அடைத்துவிடும். பெர்லைட்டை நனைத்துவிட்டுக் கையாளுங்கள், தூசி மூக்கில் ஏறும்.

மண்புழு உரத்தை அள்ளிக் கொட்டுவது

நாலில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

அமுக்கி நிரப்புவது

தொட்டியைத் தரையில் இரண்டு தட்டு தட்டினால் போதும்.

அளக்காமல் நம்புவது

கலவையில் காற்றுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று அறிய, தொட்டியின் ஓட்டைகளை டேப்பால் அடைத்துக் கலவையை நிரப்புங்கள். மேற்பரப்பு மினுங்கும் வரை மெதுவாக நீர் விட்டு, ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். மட்டம் இறங்கினால் மீண்டும் விடுங்கள். பிறகு டேப்பை எடுத்து, வடிவதையெல்லாம் பிடித்து அளங்கள். 5 லிட்டர் கலவையிலிருந்து 750 மி.லி. வடிந்தால் காற்றுக்கான இடம் 15 சதவீதம், பெரும்பாலான செடிகளுக்குப் போதும். 500 மி.லி.க்குக் கீழே போனால் கலவையைக் கலைத்துப் பெர்லைட் கூட்டுங்கள்.

உடனே வடிகிறதே என்று மகிழ்வது

முற்றிலும் காய்ந்து சுருங்கிய கலவை தண்ணீரை எளிதில் ஏற்காது. தொட்டிச் சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே விழுந்த இடைவெளி வழியாக எல்லாம் அடியில் ஓடிவிடும். வடிகால் பிரமாதம் என்று தோன்றும், உள்ளே வேர் காய்ந்து கிடக்கும். ஊற்றிய உடனே தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். எடை கூடவில்லை என்றால், மண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே வரை வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் இறக்கி வைத்து, எடுத்து வடியவிடுங்கள்.