மீன் வருவதற்கு முன்: உப்புநீர்த் தொட்டியை சைக்கிள் செய்யும் முறை

தண்ணீர் பளிச்சென்று இருக்கிறது, மீன் விடலாமா என்று யார் கேட்டாலும் அம்மோனியா எவ்வளவு என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். மீன் கழிவிலிருந்து வரும் இந்த விஷத்துக்கு நிறம் கிடையாது. டெஸ்ட் கிட் இல்லாமல் தெரியாது. இந்த அம்மோனியாவை மாற்றிவிடும் பாக்டீரியாவை மீன் வருவதற்கு முன்பே தொட்டியில் வளர்த்துவிடுவதைத்தான் சைக்கிள் செய்வது என்கிறோம்.

ஆர்.ஓ. தண்ணீரில் கடல் உப்புக் கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, சின்ன பம்ப் வைத்துக் கலக்குங்கள். உப்பைக் கொட்டி அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் கால்சியம் வெள்ளையாகப் படிந்துவிடும். உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் அடர்த்தி எண் 1.025, ஹீட்டரில் 26 டிகிரி. பாறை, மணல் வைத்து பம்ப், ஃபில்டரை ஓடவிடுங்கள். யூவி (கிருமி கொல்லும் விளக்கு), ஸ்கிம்மர் (நுரையாக்கிக் கழிவை எடுக்கும் கருவி) இப்போது வேண்டாம். விளக்கையும் அணைத்தே வையுங்கள், பாசிக்கு ஏன் விருந்து?

அப்புறம் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. இறாலை அழுகவிடும் பழைய வழி எனக்குப் பிடிக்காது. நாற்றமும் அதிகம், அளவும் கைக்கு அடங்காது. அம்மோனியம் குளோரைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அம்மோனியாவை 2 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) கொண்டுவாருங்கள். 5-ஐத் தாண்டினால் பாக்டீரியாவே தடுமாறும். இதற்காக உயிருள்ள மீனை விட்டு வதைக்காதீர்கள். பாட்டில் பாக்டீரியா சேர்த்தால் சீக்கிரம் முடியலாம். இல்லையென்றால் நாலு முதல் ஆறு வாரம் ஆகும்.

பாக்டீரியாவில் ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொன்று அதை நைட்ரேட்டாக மாற்றும். இரண்டாவது கூட்டம் மெதுவாகத்தான் பெருகும். அதனால் அம்மோனியா இறங்கிய பிறகும் நைட்ரைட் பல நாள் உச்சத்திலேயே நிற்கும். பலர் பொறுமை இழப்பது இங்கேதான். கடல்நீரில் குளோரைடு நிறைய இருப்பதால், நன்னீர் மீன்களை வாட்டும் அளவுக்கு நைட்ரைட் இங்கே மீன்களை வாட்டாது. ஆனாலும் அது இறங்கட்டும், ஏனென்றால் இரண்டாவது கூட்டம் வேரூன்றிவிட்டதா என்பதைக் காட்டுவது அதுதான். நைட்ரைட் இருக்கும்வரை நைட்ரேட் டெஸ்டை நம்ப வேண்டாம். அளவைக் கூட்டிக் காட்டும்.

அம்மோனியா பூஜ்யத்துக்கு வந்தால் மறுபடி கொஞ்சம் விடுங்கள், பட்டினி போடக்கூடாது. இடையில் பாறையில் பழுப்பாக ஏதாவது படர்ந்தால் அது டயட்டம் என்கிற நுண்பாசிதான், தானே போகும்.

2 பிபிஎம் விட்டு 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டுமே பூஜ்யம் காட்டினால் சைக்கிள் முடிந்தது. நைட்ரேட் ஏறியிருக்கும், அதே உப்பளவு, அதே வெப்பத்தில் புதுத் தண்ணீர் கலந்து பாதிக்கு மேல் மாற்றுங்கள். பாக்டீரியா ஒட்டியிருப்பது பாறையிலும் மணலிலும், அதனால் ஒன்றும் குறையாது.

சரி, இப்போது ஒரு மீன், மிஞ்சினால் இரண்டு. அடுத்ததை விடுவதற்கு முன் அம்மோனியாவை மறுபடி பாருங்கள்.