பத்திரம் பதிவாகும் முன்னே சாவியைக் கொடுக்கிறீர்களா?

"வைகாசியில் நாள் குறிச்சாச்சு சார். லோன் ஆனிக் கடைசியிலதான் வரும்போல. அப்புறம் ஆடி வந்துடும். பால் மட்டும் காய்ச்சிக்கிறோம், சாவியக் கொடுங்க."

வீடு விற்கும் பலருக்கும் பழக்கமான பேச்சு இது. அட்வான்ஸ் வாங்கியாயிற்று, ஆட்களும் நல்லவர்கள், வீடும் பூட்டித்தானே கிடக்கிறது என்று சாவியைக் கொடுத்துவிடுகிறோம். பால் காய்ச்சிய மறுவாரம் பீரோ வரும், அதற்கடுத்த வாரம் கேஸ் சிலிண்டர் வரும். அதன்பின் கிரயத் தேதி தள்ளிக்கொண்டே போகும்.

ஏன் தள்ளிப்போகிறது? வீட்டு விலை 60 லட்சம், அட்வான்ஸ் 6 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பாக்கி 54 லட்சம் இன்னும் உங்கள் கைக்கு வரவில்லை. அந்தத் தொகை உங்களிடம் இருந்து 7 சதவீத வட்டியில் போட்டிருந்தால் மாதம் 31,500 ரூபாய் வந்திருக்கும். வாங்குபவரோ அதே வீட்டில் வாடகையில்லாமல் குடியிருக்கிறார். பழைய வாடகை வீட்டுச் செலவும் அவருக்கு மிச்சம். வங்கியில் கேட்ட ஒரு காகிதத்தைக் கொடுக்க அவருக்கு இனி என்ன அவசரம்? ஆளின் குணம் எப்படி இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

ஒப்பந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் அந்த ஒரு வரி

பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது. பழைய மாதிரிப் படிவத்தை வைத்துத் தட்டச்சு செய்யும்போது, "மேற்படி சொத்தின் சுவாதீனம் இன்றைய தேதியில் ஒப்படைக்கப்பட்டது" என்ற வரி கிரய ஒப்பந்தத்தில் ஏறிவிடும். சுவாதீனம் என்றால் சொத்து ஒருவர் கைவசம் இருப்பது. விற்பவர் விலையையும் தேதியையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்.

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 53ஏ பிரிவின்படி, எழுத்து மூலமான ஒப்பந்தத்தின் பேரில் சுவாதீனம் பெற்று, தன் பங்கை நிறைவேற்றியவரை அல்லது நிறைவேற்றத் தயாராக இருப்பவரை, விற்பவர் வெளியேற்ற முடியாது. 2001ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, பதிவு செய்த ஒப்பந்தத்துக்கே இந்தப் பாதுகாப்பு. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவது கட்டாயம். ஆக, முறைப்படி பதிவு செய்த ஒப்பந்தத்தில் அந்த வரியும் இருந்துவிட்டால், எதிர்த் தரப்புக்குக் கேடயத்தை நீங்களே செய்து கொடுத்ததாகிறது.

செலவிலும் வித்தியாசம் உண்டு. சுவாதீனம் கொடுக்காத ஒப்பந்தத்துக்குப் பதிவுக் கட்டணம் முன்பணத்தில் 1 சதவீதம்; நம் உதாரணத்தில் 6,000 ரூபாய். சுவாதீனம் கொடுத்ததாக எழுதினால் மொத்த விலையில் 1 சதவீதம், அதாவது 60,000. கர்நாடகம், ஆந்திரம், மகாராஷ்டிரத்தில் இன்னும் கடுமை. அங்கே சுவாதீன ஒப்பந்தத்துக்குக் கிரயப் பத்திரத்துக்கு உரிய முத்திரைத் தீர்வையையே கேட்பார்கள்.

எழுத வேண்டியது இதுதான்: "சொத்தின் சுவாதீனம், பாக்கித் தொகை முழுவதும் செலுத்தப்பட்டு, கிரயப் பத்திரம் பதிவாகும் நாளில் ஒப்படைக்கப்படும்." இந்த வரியை விட்டுக்கொடுக்காதீர்கள்.

"அப்படியானால் பதியாமலே விட்டுவிடலாமே" என்று நினைப்பது அடுத்த தவறு. பதியாத ஒப்பந்தத்தை வைத்து 53ஏ பாதுகாப்பைக் கேட்க முடியாது என்றாலும், கிரயம் செய்து தரச் சொல்லி வழக்குப் போட அதைச் சாட்சியமாகக் காட்டலாம். தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே உச்ச நீதிமன்றம் 2023இல் இதை உறுதி செய்தது.

குடியிருப்புக்குத் தனித் தாள்

தவிர்க்கவே முடியாமல் சாவியைக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், விற்பனைக்கு ஒரு தாள், குடியிருப்புக்கு ஒரு தாள். இரண்டையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது.

குடியிருப்புத் தாளை வாடகை ஒப்பந்தமாகவே போடுங்கள். "அனுமதி மட்டும்" என்று தலைப்பிட்டாலும், ஆள் தனியாக முழு வீட்டையும் அனுபவித்து மாதாமாதம் பணம் கட்டினால், அது வாடகைதான் என்று நீதிமன்றம் சொல்ல இடமுண்டு. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. எழுத்து ஒப்பந்தம், வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு இரண்டையும் அது கேட்கிறது. காலி செய்ய மறுத்தால் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். சிவில் நீதிமன்றத்தில் சுவாதீன வழக்குப் போட்டால் சொத்து மதிப்பில் 3 சதவீதம் நீதிமன்றக் கட்டணமே ஆகிவிடும். 60 லட்சத்துக்கு 1,80,000 ரூபாய். வக்கீல் செலவு தனி.

முடியும் தேதி நாள், மாதம், ஆண்டோடு இருக்க வேண்டும். "கிரயம் முடியும் வரை" என்று எழுதினால், கிரயம் முடியாதவரை அவர் இருக்கலாம் என்றுதான் பொருளாகும். இரண்டு அல்லது மூன்று மாதம் போதும்.

வாடகை அந்தத் தெருவில் நடக்கும் வாடகையாக இருக்கட்டும். அது 18,000 என்றால் நாளுக்கு 600. தேதி தாண்டினால் நாளுக்கு 1,500 அல்லது 2,000 என்று வைக்கலாம். கோபத்தில் நாளுக்கு ஒரு லட்சம் என்று எழுதுவதில் பயனில்லை. ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவின்படி நீதிமன்றம் நியாயமான இழப்பீட்டை மட்டுமே தரும்.

வாடகையைக் கிரயத் தொகையில் கழித்துக்கொள்ளலாம் என்று மட்டும் பேசிவிடாதீர்கள். கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் அவர் மாதாமாதம் கட்டியது வாடகை இல்லை, விலையின் தவணை என்று நாளைக்கு வாதாட அதுவே வழிவிடும். வாடகை தனியாக வங்கி வழியே, "வாடகை" என்ற குறிப்போடு வரட்டும்.

தலைகீழ் நிலையும் உண்டு. ஏற்கெனவே வாடகைக்கு இருப்பவரே வீட்டை வாங்க ஒப்புக்கொள்வார். அட்வான்ஸ் கொடுத்த மாதமே வாடகையை நிறுத்திவிடுவார். கிரயம் பதிவாகும்வரை வாடகை தொடரும் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி போட்டுவிடுங்கள்.

சுவரைத் தொட விடாதீர்கள்

மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங், பூஜையறைக்கு ஒரு புதுச் சுவர். குடிவந்தவருக்குக் கை சும்மா இருக்காது. இதில் இரண்டு சிக்கல். கிரயம் முறிந்தால், "4 லட்சம் செலவழித்தேன், அதைத் தந்தால்தான் கிளம்புவேன்" என்பார். இரண்டாவது, வாடகைதாரராக இல்லாமல் வெறும் அனுமதியின் பேரில் இருப்பவர் நிரந்தரமான கட்டுமானத்தைச் செலவழித்துச் செய்துவிட்டால், அந்த அனுமதியைத் திரும்பப் பெற முடியாது என்று 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் 60ஆம் பிரிவு சொல்கிறது. வாய்மொழியாகச் சாவி கொடுத்தவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஆணி அடிப்பது, திரை மாட்டுவது தவிர வேறெதுவும் கூடாது, பெயின்ட் அடிப்பதும் கூடாது என்று தாளில் எழுதுங்கள்.

சாவி கொடுக்கும் நாளில் மீட்டரைப் போட்டோ எடுங்கள். யூனிட் எண்ணும் தேதியும் தெரிய வேண்டும். மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். அதற்குள் இரண்டு ஏசி ஓடியிருந்தால் பாக்கி உங்கள் இணைப்பின் பேரில்தான் நிற்கும். கீசர், மோட்டார், இன்வெர்ட்டர், எத்தனை சாவி என்று பட்டியல் போட்டு இருவரும் கையெழுத்திடுங்கள். வீட்டு வரி, குடிநீர் வரி கிரய நாள்வரை உங்கள் பொறுப்பு. தீயோ வெள்ளமோ வந்தாலும், உரிமை மாறும்வரை நஷ்டம் உங்களுடையதுதான். காப்பீட்டு நிறுவனத்துக்கு வீட்டில் வேறொருவர் குடியிருப்பதை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

வரித் துறை பார்க்கும் தேதி

பதிவு செய்த ஒப்பந்தத்தின் பேரில் 53ஏ பிரிவில் சொல்லும் விதமாகச் சுவாதீனம் கொடுத்தால், வருமான வரிக்கு அதுவே சொத்து கைமாறிய நாள். மார்ச்சில் சாவி, மே மாதம் பத்திரம் என்றால், மூலதன ஆதாயம் (விற்பனையில் கிடைக்கும் லாபம்) மார்ச்சில் முடியும் நிதியாண்டிலேயே விழும்; பணம் இன்னும் வந்திருக்காது. வேறு வீடு வாங்கி விலக்குப் பெறும் இரண்டு ஆண்டுக் கெடுவும் அன்றிலிருந்தே ஓடத் தொடங்கும். பதியாத ஒப்பந்தத்துக்கு இந்த விதி பொருந்தாது என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுவாதீன வரியைத் தவிர்த்துவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை.

விலை 50 லட்சத்தை எட்டினால் 1 சதவீத டிடிஎஸ் பிடித்தம் உண்டு; அதாவது, உங்களுக்குத் தரும் பணத்திலேயே வாங்குபவர் பிடித்துக் கட்டும் வருமான வரி. அட்வான்ஸ் கொடுக்கும்போதும் அது பிடிக்கப்பட வேண்டும், கிரய நாளில் மட்டுமல்ல. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ அட்வான்ஸை ரொக்கமாக வாங்காதீர்கள்.

வாங்குபவருக்கும் இது நல்லதல்ல

குடியேறிவிட்டால் வீடு நம்முடையது என்ற எண்ணத்தில் 80, 90 சதவீதப் பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். கிரய ஒப்பந்தம் சொத்தில் எந்த உரிமையையும் உருவாக்காது என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 54ஆம் பிரிவே சொல்கிறது. விற்பவருக்கு வங்கிக் கடன் பாக்கி இருந்தால், உள்ளே குடியிருப்பது யார் என்று பார்த்து வங்கி நிற்காது. பவர் பத்திரத்தை எழுதி வாங்கிக்கொண்டு குடியேறுவதும் கிரயமாகாது. 2011இல் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கிவிட்டது. ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள்; விற்பவரின் கடன்காரர் பிற்பாடு வீட்டை ஜப்தி செய்ய வந்தாலும், அதற்கு முன்பே பதிவான ஒப்பந்தத்தின்படி நடக்கும் கிரயத்துக்குச் சிவில் நடைமுறைச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு.

முறிந்துபோனால்

பூட்டை மாற்றுவது, கரன்ட்டை வெட்டுவது, ஆட்களை அனுப்புவது எதுவும் வேண்டாம். சட்டப்படியல்லாமல் வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டால், வீடு யாருடையது என்று பார்க்காமலே திரும்ப உள்ளே விடச் சொல்லும் வழி குறிப்பிட்ட தீர்வுச் சட்டத்தின் 6ஆம் பிரிவில் இருக்கிறது.

பேசி முடித்தால் சார்பதிவாளர் அலுவலகத்திலேயே முடியுங்கள்: ஒப்பந்த ரத்துப் பத்திரத்தில் இருவர் கையெழுத்து, அங்கேயே அட்வான்ஸுக்கு டிடி, அங்கேயே சாவி. தாளைக் கிழித்துப் போட்டால் போதாது. பதிவான ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் அப்படியே நிற்கும், அடுத்து வாங்க வருபவரின் வங்கி அதைப் பார்த்ததும் கோப்பை மூடிவிடும்.

நாள் பார்த்துவிட்டார்கள், மறுக்க மனமில்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. அந்த ஒரு காலையில் நீங்களே போய்க் கதவைத் திறந்துவிடுங்கள். பால் காய்ச்சட்டும், சொந்தபந்தம் சாப்பிடட்டும். மதியம் பூட்டிச் சாவியை வாங்கிக்கொண்டு வாருங்கள். உப்பும் பருப்பும் வைத்த தட்டு பூஜையறையில் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். பீரோ மட்டும் வேண்டாம்.