லென்ஸுக்குள் டார்ச் அடித்து ஒரு படம்

பழைய ஃபிலிம் கேமராவோ லென்ஸோ ஆன்லைனில் விற்கிறீர்களா? டார்ச் அடித்து எடுத்த ஒரு படத்தைக் கண்டிப்பாகப் போடுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் முன்பக்கமாகப் பார்த்தால் எந்த லென்ஸும் பளிங்கு மாதிரிதான் தெரியும்.

எனக்கு இது உறைத்தது ஒரு கல்லூரித் தம்பியால். என்னிடமிருந்த நிக்கார் (நிக்கான் கம்பெனியின் லென்ஸ்) 50 எம்எம் லென்ஸைக் கோயம்புத்தூருக்கு அனுப்பியிருந்தேன். மூன்றாம் நாள் போன் வந்தது. “அண்ணா, ஓரத்துல சிலந்தி வலை மாதிரி இருக்கே, இது என்ன?” பூஞ்சை. சென்னை ஈரக்காற்றில் இரண்டு மழைக்காலம் தோல் உறைக்குள்ளேயே கிடந்த லென்ஸ் அது. மறைக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் பகுதி நேர வேலை பார்த்துப் பணம் சேர்த்த பையனுக்கு அதனால் என்ன பயன்? முழுத் தொகையையும் அன்றே திருப்பி அனுப்பினேன்.

சரி, எப்படி எடுப்பது? லென்ஸைக் கழற்றி, அப்பர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துளை) வளையத்தை அதிலுள்ள மிகச் சின்ன எண்ணில், என் லென்ஸில் 1.8-ல், வைத்து முழுசாகத் திறந்துகொள்ளுங்கள். அறை இருட்டாக இருக்கட்டும். பின்பக்கத்திலிருந்து டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். நேராக அடித்தால் கூச்சத்தில் ஒன்றும் தெரியாது. முன்பக்கம் போனைப் பிடித்து, திரையில் கண்ணாடியின் ஓரத்தைத் தொட்டு ஃபோகஸ் செய்யுங்கள். பூஞ்சை என்றால் வெள்ளை நூல் கிளை பிரிந்து ஓடும். பால் படிந்த மாதிரி மங்கலாக இருந்தால் ஹேஸ். தனித்தனிப் புள்ளிகள் வெறும் தூசி. நாலைந்து இருந்தால் எடுக்கிற படத்தில் தெரியாது, இருந்தாலும் சொல்லிவிடுங்கள். அப்புறம் வளையத்தை 16-க்குத் திருப்பி, துளையைச் சுருக்கி இன்னொரு படம். துளையைச் சுருக்குகிற உலோக இதழ்களில் எண்ணெய் பளபளத்தால் அதில் மாட்டிக்கொள்ளும்.

கேமராவில் பின்கதவைத் திறந்து ஷட்டர் திரையை எடுங்கள், விரல் படக்கூடாது. கதவோரப் பள்ளத்தில் இருக்கிற கறுப்பு ஃபோமையும் கிட்டப்போய் எடுங்கள். வயதானால் அது தார் மாதிரி பிசுபிசுக்கும், வெளிச்சம் கசியும். பேட்டரி மூடிக்குள் பச்சை உப்பு பூத்திருந்தால் சுரண்டுவதற்கு முன்பே ஒரு படம்.

கேமரா நிக்கான் எஃப்எம்2 மாடல் என்றால் ஷட்டர் டயலும் சீரியல் எண்ணும் தெளிவாகத் தெரியட்டும். 1982-ல் வந்த முதல் மாடலில் ஃபிளாஷ் சிங்க், அதாவது ஃபிளாஷோடு பயன்படுத்தக்கூடிய அதிகபட்ச ஷட்டர் வேகம், 1/200 விநாடி. 1984-ல் வந்த எஃப்எம்2என்-ல் 1/250. விவரம் தெரிந்தவர் முதலில் தேடுவது இதைத்தான்.

நசுங்கலுக்கு வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும், அளவு புரிய பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வையுங்கள். போனில் தானாக அழகாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து திரும்பி வந்த லென்ஸை டார்ச் படத்தோடு, விலையைப் பாதியாக்கி மறுபடி போட்டேன். லென்ஸ் பிரித்துத் துடைக்கப் பழகுகிற ஒருவர், அந்தப் பூஞ்சைக்காகவே கேட்டு வாங்கிப்போனார்.