இதய கிளினிக்கில் நர்ஸ் போன் எடுக்கும்போது

பெங்களூரில் அல்சூர் பக்கம் இதய கிளினிக் என்றால் தமிழிலும் அழைப்புகள் வரும்; தமிழ் பேசும் நர்ஸ் ஒருவர் ஷிஃப்டில் இருப்பது நல்லது. பெயர், வயது, போன் எண், இருக்கும் இடம், இவற்றை முதலிலேயே எழுதுங்கள். லைன் துண்டித்தால் அவைதான் கைகொடுக்கும்.

அடுத்து நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், குளிர்ந்த வியர்வை, மயக்கம், ஒருபக்கக் கைகால் பலவீனம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒன்று இருந்தாலும் அப்பாயின்ட்மென்ட் பேச்சே வேண்டாம், உடனே 108. "வெறும் வாயுத்தொல்லைதான் மேடம்" என்று மகன் சொன்னாலும் நோயாளியிடமே பேசுங்கள். ஒரு வாக்கியத்தை இடையில் மூச்சு வாங்காமல் முடிக்கிறாரா என்பது காதில் விழும். சர்க்கரை நோயாளிக்கு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரலாம். இங்கேதான் அதிகம் ஏமாறுகிறோம்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவருக்குத் தலையில் அடிபட்டால், தெம்பாக இருந்தாலும் எமர்ஜென்சிக்கே அனுப்புங்கள். உள்ளே ரத்தம் மெதுவாகக் கசியலாம். இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு 3 நாளில் 2 கிலோ எடை கூடினால் அன்றே டாக்டருக்குத் தகவல் போக வேண்டும்.

டாக்டர் கையெழுத்திட்ட வழிமுறைத் தாளில் இல்லாத மருந்து மாற்றம் எதையும் நர்ஸ் சொல்லக் கூடாது. சொன்னதை நோயாளி திருப்பிச் சொல்லட்டும். பிறகு நேரத்தோடு பதிவு செய்யுங்கள்.