காசும் கேஷும்: சொற்பிறப்பு எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொற்பிறப்புக் குறிப்புகளைத் திருத்தும் வேலையில் இருப்பதால், புதிதாக எழுத வருவோரின் கட்டுரைகள் என் மேசைக்கு அடிக்கடி வருகின்றன. ‘கேஷ் என்னும் ஆங்கிலச் சொல் நம் காசிலிருந்து பிறந்தது’ என்ற வரி அவற்றில் எப்படியாவது நுழைந்துவிடும். ரொக்கத்தைக் குறிக்கும் கேஷுக்கு அது பொருந்தாது. அந்தத் தவறு எப்படி நேர்கிறது என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன்; எழுத்துப்பிழைகளை அவர்களே திருத்திக்கொள்வார்கள் என்பதால் விட்டுவிடுகிறேன்.

இரண்டாம் பதிவோடு அகராதியை மூடுவது

பல ஆண்டுகளுக்கு முன் நானும் அதே வரியை ஒரு சிறு நூலில் எழுதினேன். 300 படிகள் அச்சாகி வந்தபின் உண்மை தெரிந்து, ஒவ்வொன்றிலும் திருத்தச் சீட்டு ஒட்டியதில் கைக்காசும் போயிற்று. ஆங்கிலப் பேரகராதியில் ‘கேஷ்’ இரண்டு தனித் தலைச்சொற்களாக, தோளில் 1, 2 எனச் சிற்றெண் தாங்கி நிற்கிறது. நானோ இரண்டாவதில் காசைக் கண்ட மகிழ்ச்சியில் முதலாவதைப் படிக்கவே இல்லை.

ரொக்கத்தைக் குறிக்கும் முதல் ‘கேஷ்’, பெட்டி எனப் பொருள்படும் லத்தீன் ‘காப்சா’வில் தோன்றி, அதன் வழிவந்த பிரெஞ்சு, இத்தாலியச் சொற்கள் மூலம் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தை அடைந்தது. தொடக்கத்தில் அது பணப்பெட்டியையும் அதிலுள்ள பணத்தையும் குறித்தது. பெட்டி என்ற பொருள் பின்னர் வழக்கொழிந்தது. படம் ‘கல்லா கட்டியது’ என்று நாம் சொல்லும்போதும் பெட்டியின் பெயர்தானே வசூலுக்கு ஆகிறது!

இரண்டாவது ‘கேஷ்’ நம் காசேதான். போர்த்துகீசியர் நாவில் ‘காய்ஷா’வாகி, ஆங்கிலத்தில் தென்னிந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய சிறு நாணயங்களின் பெயராயிற்று. கிழக்கிந்தியக் கம்பெனியாரின் சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு ‘பணம்’ என்னும் நாணயம், 42 பணம் ஒரு வராகன் என்னும் பொன் நாணயம். போர்த்துகீசிய மொழியில் பெட்டிக்கும் ‘காய்ஷா’ என்றே பெயர் என்பதால்தான், கவனமாகப் படிப்பவர்கூட இவ்விடத்தில் இடறுகிறார்.

பழமையைச் சான்றாக்குவது

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் காசு இருப்பதால், ஆங்கிலேயரின் ரொக்கம் அதிலிருந்து பிறந்துவிடாது. எது முந்தியது என்பதை மட்டும் காட்டிவிட்டு, சொல் எவ்வழியே சென்றது என்பதைக் காட்டாத கட்டுரையை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

கேஷியர்

பணம் வாங்குபவரைக் குறிக்கும் இச்சொல், பெட்டியிலிருந்து வந்த முதல் ‘கேஷ்’ஷின் உறவு. படை அதிகாரியைப் பதவிநீக்குவதைக் குறிக்கும், அதே எழுத்துக்களாலான ஆங்கில வினைச்சொல், டச்சு மொழி வழியே வந்த வேறொன்று.

கேஷ்யூ

முந்திரியைக் குறிக்கும் இது பிரேசிலின் துப்பி மொழியிலிருந்து வந்த சொல், காசோடு உறவில்லை.